கீழே போடத் தெரியாதவள்

"கட்டைவிரலை மேலே தூக்கும்மா."

இருபத்தொரு நாளும் காலையில் டாக்டர் என்னிடம் முதலில் சொன்னது இதுதான். இடது கால் கட்டைவிரல். பாதத்தை அசைக்காமல், விரலை மட்டும் என் முகத்தைப் பார்க்க நிமிர்த்த வேண்டும். படித்துக்கொண்டிருக்கிற நீங்கள் இப்போதே செருப்பைக் கழற்றிவிட்டுச் செய்து பார்க்கலாம். ஒரு வேலையே இல்லை. எண்பத்தைந்து கிலோவைத் தோளில் வைத்துக்கொண்டு குத்தவைத்து எழுந்தவள் நான். என்னால் அந்த ஒரு விரலைத் தூக்க முடியவில்லை.

இப்போது நன்றாக நடக்கிறேன். ஆனாலும் பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் யாராவது கேட்டுவிடுகிறார்கள்: "வெயிட்டு தூக்கி இடுப்பு ஒடிஞ்ச பிள்ள நீதானா?" நானேதான். ஆனால் தூக்கியதால் ஒடியவில்லை, கீழே போடாததால் ஒடிந்தது. கேட்கிறவர்களுக்கு அதுவரை கேட்கப் பொறுமை இருப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு சிவகாசிக்கு மேற்கே, வெம்பக்கோட்டை போகிற ரோட்டில். அம்மா பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு வெடிமருந்து அடைக்கிறாள். அப்பாவுக்கு அச்சாபீஸில் லோடு ஏற்றும் வேலை. ப்ளஸ் டூ முடித்துவிட்டு ஒரு வருடம் நானும் அம்மாவோடு கம்பெனி வேனில் போனேன். பிறகுதான் விருதுநகரில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. சேர்ந்த மாதமே பி.டி. மேடம் எங்களை வரிசையாக நிற்கவைத்து, குதிகால் தரையை விட்டுக் கிளம்பாமல் குத்தவைத்து உட்காரச் சொன்னார். டவுன் பிள்ளைகள் பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தார்கள். நான் உட்கார்ந்தது மட்டுமில்லை, உட்கார்ந்தபடியே பக்கத்துப் பிள்ளையிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தேன். கம்பெனியில் நாள் முழுக்க அப்படி உட்கார்ந்தவளுக்கு அதில் என்ன இருக்கிறது? "இந்தப் பிள்ள பேரை எழுதிக்கோ" என்றார் மேடம். அப்படி வந்ததுதான் எனக்கு வெயிட் லிஃப்டிங்.

எடையோடு குத்தவைத்து எழுகிற ஸ்குவாட்டை எப்படிச் செய்வது என்று சொல்லிவிடுகிறேன். எடை மாட்டிய கம்பியைக் கழுத்தில் வைக்கக் கூடாது, அதற்குக் கீழே தோள்பட்டைச் சதையில் வைக்க வேண்டும். கால்கள் தோள் அகலத்துக்கு இருக்கட்டும், பாதம் கொஞ்சம் வெளியே பார்க்கட்டும். வயிறு நிறைய மூச்சை இழுத்து அடைத்துக்கொள்ள வேண்டும். அந்த மூச்சுதான் முதுகுக்குக் காவல். பிறகு இடுப்பை இறக்க வேண்டும். பாதவிரல் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமே முட்டி போக வேண்டும், உள்ளே மடங்கினால் வம்பு. இடுப்பு முட்டிக்குக் கீழே போகிறவரை இறங்க வேண்டும். முதுகு வளையக் கூடாது, குதிகால் கிளம்பக் கூடாது. இவ்வளவையும் ஒரே மூச்சில் செய்துவிட்டு எழுந்து நிற்கிற சந்தோஷத்தை நான் வேறு எதிலும் பார்த்ததில்லை.

எழ முடியாவிட்டால்? அதற்கும் முறை இருக்கிறது. நெஞ்சை நிமிர்த்தி, கையை விட்டு, கம்பியை முதுகுக்குப் பின்னால் விழவிட்டு, முன்னால் தாவிவிட வேண்டும். அதற்காகவே எங்கள் பயிற்சி ஷெட்டில் பின்பக்கம் லாரி டயரை வெட்டி விரித்திருந்தார்கள். எடை விழுந்தால் கூரைத் தகரம் அதிரும். மற்ற பிள்ளைகள் வாரத்துக்கு நாலு தடவை போடுவார்கள். நான் ஒரு தடவைகூடப் போட்டதில்லை. கனம் கூடினால் அன்றைக்கு அதைத் தொடவே மாட்டேன். "மாரி கையில இருந்து எதுவுமே விழாது" என்று என்னோடு பயிற்சி செய்த செல்வி அக்கா எல்லோரிடமும் சொல்வார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

கம்பெனியில் அறைக்குள் போகும்முன் செருப்பு, கொலுசு, ஊக்கு, ஹேர்பின் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். உள்ளே பொறி கிளப்புகிற இரும்புக்கு வேலை இல்லை, மரமும் பித்தளையும்தான். தரையில் ரப்பர் விரிப்பு. எதையும் இழுக்கக் கூடாது, உரசக் கூடாது. எதுவும் கையிலிருந்து விழவே கூடாது. முதல் நாள் வேனிலேயே அம்மா சொன்னாள்: "கையே போனாலும் சரி, கையில இருக்கது விழக் கூடாது. எதுன்னாலும் பைய எறக்கி வையி." பக்கத்து அறையில் ஒரு காலத்தில் என்ன நடந்தது என்று அவள் முழுதாகச் சொன்னதே இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஒரு தட்டு விழுந்து நான் கேட்டதில்லை. சின்ன வயதில் ஒருமுறை செம்பை நழுவவிட்டதற்கு வாங்கிய அடி இன்னும் ஞாபகம் இருக்கிறது. எங்கள் வீட்டில் தண்ணீர்க் குடத்தைக்கூடச் சத்தம் வராமல்தான் இறக்குவோம்.

அது கல்லூரியில் இரண்டாம் வருடம், ஆடி மாதம், சனிக்கிழமை. எண்பத்தைந்து கிலோவில் ஐந்தாவது தடவை இறங்கினேன். எழ வரவில்லை. இப்படி அடியில் மாட்டிக்கொண்டால் உலகம் ரொம்பச் சின்னதாகிவிடுகிறது. முட்டி, மூச்சு, எதிர்ச்சுவரில் ஒரு ஆணி, அவ்வளவுதான். "போட்டுரு மாரி! போட்டுரு!" என்று செல்வி அக்கா கத்துவது கேட்டது. பின்னால் விழட்டும் என்று எல்லோரும் விலகியும் நின்றுவிட்டார்கள். என் கை விடவில்லை. விடக் கூடாது என்று நான் யோசிக்கவும் இல்லை, யோசிக்க நேரம் ஏது? கை தானாகவே கம்பியை இறுக்கியது. பைய இறக்கி வைக்கலாம் என்று முட்டியை ஊன்றி முன்னால் குனிந்தேன். கம்பி உருண்டு கழுத்துக்கு வந்தது, முதுகு வளைந்தது. இடுப்பில் துணி கிழிகிற மாதிரி ஒன்று ஆனது. செல்வி அக்காவும் இன்னொருத்தியும் ஓடிவந்து கம்பியைப் பிடித்துத் தூக்கினார்கள். கடைசிவரை அது கீழே விழவில்லை. அந்த வலியிலும் எனக்கு அது நிம்மதியாக இருந்தது என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

இரண்டு நாள் வீட்டில் சொல்லாமல் தைலம் தேய்த்துக்கொண்டேன். மூன்றாம் நாள் பஸ் ஸ்டாண்டில் திரும்பிப் பார்த்தால் என் இடது கால் செருப்பு பத்தடி பின்னால் கிடந்தது. கழன்றது எனக்குத் தெரியவே இல்லை. அப்போதுதான் பயந்தேன்.

விருதுநகரில் ஒரு எலும்பு டாக்டரின் ஆஸ்பத்திரி. டோக்கன் வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் சுவரில் சாய்ந்து நின்றேன். உட்கார்ந்தால் உயிர் போகும். காத்திருந்த அத்தனை பேரும் நல்லவர்கள். ஒவ்வொருவராக எழுந்து, "உக்காருத்தா, உக்காருத்தா" என்று இடம் கொடுத்தார்கள். உட்கார முடிந்தால் நான் ஏன் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன்? கடைசியில் அம்மா எனக்குக் காவலாக முன்னால் நின்றுகொண்டாள்.

டாக்டர் என்னை மல்லாக்கப் படுக்கவைத்து இடது காலை நீட்டியபடியே தூக்கினார். ஒரு முழம் உயர்வதற்குள் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை சுண்டி இழுத்தது. பிறகு விரலைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன் என்றுதான் நினைத்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் அது அப்படியே இருந்தது. அவர் முகம் மாறியது. மறுநாளே மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்துவரச் சொன்னார்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்றால் பெரிய காந்தம். உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. ஊக்கு, கம்மல், ஹேர்பின் எல்லாம் கழற்றச் சொன்னார்கள். உள்ளே வராத அம்மாவும் தன்னுடையதைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, "இங்கனயும் மருந்து அடைக்காகளா?" என்று என் காதில் கேட்டாள். சிரித்துக்கொண்டே போனேன். குழாய்க்குள் தள்ளியதும் சிரிப்பு போய்விட்டது. மூக்குக்கு நாலு விரல்கடை மேலே கூரை. அசையக் கூடாது. தலைமாட்டில் யாரோ இரும்பைத் தரையில் போடுவதுபோல டமடமவென்று சத்தம், விடாமல் அரை மணி நேரம். ஒவ்வொரு சத்தத்துக்கும் என் கைவிரல்கள் தானாக இறுகின.

படத்தைப் பார்த்து டாக்டர் பொறுமையாக விளக்கினார். முதுகெலும்பில் எலும்புக்கு எலும்பு நடுவில் மெத்தைபோல ஒரு தட்டு இருக்கிறது, அதைத்தான் டிஸ்க் என்கிறார்கள். அதன் ஓரம் கெட்டி, உள்ளே கூழ். என் இடுப்பில் ஒரு தட்டின் ஓரம் கிழிந்து, கூழ் பிதுங்கி, இடது காலுக்குப் போகிற நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. கட்டைவிரலைத் தூக்குவது அந்த நரம்பு.

"விரலுக்கு அஞ்சு மார்க்கும்மா" என்றார். "என் விரலை எதிர்த்துத் தள்ளினா அஞ்சு. தானா தூக்கினா மூணு. உனக்கு இப்ப ஒண்ணு, சதை துடிக்குது, அவ்வளவுதான். மூணு வாரம் இங்கேயே அசையாம படுத்திரு. மூணுக்கு வந்தா தப்பிச்ச. வரலேன்னா ஆபரேஷன். அதுக்கப்புறமும் கால் முழுசா வரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

அம்மா கேட்டாள்: "வரலேன்னா எப்பிடிங்கய்யா நடப்பா?"

"பாதத்தை இழுத்து இழுத்து நடப்பா. இன்னொண்ணு. யூரின் போகலேன்னாலோ, போறது தெரியலேன்னாலோ எந்த நேரம்னாலும் உடனே கூப்பிடணும். அன்னைக்கு மூணு வாரமெல்லாம் கிடையாது, உடனே ஆபரேஷன்."

அன்றிலிருந்து அம்மா என்னிடம் மணிக்கொருதரம், "வந்துச்சா? தெரிஞ்சு வந்துச்சா?" என்று வார்டுக்கே கேட்கும்படி விசாரித்தாள். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு இதைவிட அவமானம் வேண்டுமா?

இடுப்பில் ஒரு பட்டை கட்டினார்கள். அதிலிருந்து இரண்டு கயிறு கால்மாட்டுக் கப்பியின் மேல் போய், நுனியில் இரும்பு எடைகள் தொங்கின. இடுப்பை இழுத்துப் பிடிப்பதற்காக. எத்தனை எடையை நான் தூக்கினேன், இப்போது இரண்டு எடைகள் என்னைக் கட்டிலோடு கட்டிப்போட்டுவிட்டன. புரளக் கூடாது. எழக் கூடாது. சாப்பாடு படுத்தபடி, குளியல் ஈரத்துணியில், மற்றது பெட்பேனில். ஜன்னலில் தெரிந்தது ஒரு தண்ணீர்த் தொட்டியின் அடிப்பக்கம் மட்டும். மேலே ஃபேன். அதன் மூன்று இறக்கைகளில் ஒன்றில் மட்டும் பெயிண்ட் உரிந்திருந்தது. அது சுற்றி வருவதை எண்ணிக்கொண்டு கிடந்தேன். ஆத்திரமாக வரும். அலற வேண்டும்போல இருக்கும். அலறினாலும் இடுப்பு வலிக்கும்.

சீசன் நேரம் அது. தீபாவளி லோடு போகிற சமயத்தில் அம்மா ஒருநாள்கூட வேனைத் தவறவிட்டதில்லை. அந்த வருடம் என் கட்டிலுக்குக் கீழேதான் இருந்தாள். முதல் நாளே அவள் தன் பழைய சேலை ஒன்றை எட்டாக மடித்து, தொங்கும் எடைகளுக்கு நேர் கீழே தரையில் போட்டாள். கயிறு அறுந்து விழுந்தாலும் சத்தம் வரக் கூடாதாம். வார்டு கூட்டுகிற ஆயா எடுத்து எடுத்து வைப்பார், அம்மா மறுபடி போடுவாள்.

அப்பா வேலை முடிந்து சாயங்காலம் வருவார். அவருக்குப் பேச வராது. ஒருநாள் அச்சாபீஸில் கழித்துப்போட்ட தினசரிக் காலண்டர் ஒன்றைக் கொண்டுவந்து ஜன்னல் கம்பியில் மாட்டினார். "நாள எண்ணிக்கிட்டுக் கெடக்கலாம்ல?" என்றார். சிவகாசியில் ஆடியிலேயே அடுத்த வருடக் காலண்டர்தானே அச்சாகும்? அது அடுத்த வருடத்துக்கானது. தேதி இருந்தால் கிழமை பொருந்தாது. இருந்தாலும் காலையில் வேலைக்குப் போகும்முன் வந்து, ஒரு தாளைக் கிழித்து எனக்குக் காட்டிவிட்டுத்தான் போவார். செலவைப் பற்றி எழுதினால் அவருக்குப் பிடிக்காது, அதனால் விட்டுவிடுகிறேன்.

பத்தாம் நாள் மத்தியானம் செல்வி அக்கா சாத்துக்குடியோடு வந்தார். வந்ததும் அழுதுவிட்டார்.

"நான் அம்புட்டு கத்துனேனே மாரி, ஏன் போடல? நான் வெலகாம நின்னு புடிச்சிருக்கணும். எனக்கு ஒறக்கமே இல்ல."

"நீங்க என்னக்கா செய்வீங்க? என் கையில இருந்து எதுவும் விழக் கூடாது. அதான்."

"இரும்புதான? டயர் மேல விழுந்தா என்ன ஆகப்போகுது?"

"எனக்குத் தெரியும்க்கா. கைக்குத் தெரியல."

சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. செல்வி அக்கா போனபிறகு கேட்டாள்: "ஏ பிள்ள, அப்ப நாந்தான் ஒன் இடுப்ப ஒடிச்சுப்புட்டனா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பத்து நாளாக அந்த விரல் அதே ஒரு மார்க்கில் நின்றது. எனக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது அவள்தான். "ஆமா, நீதான்" என்றேன். "செம்பு விழுந்ததுக்கு அந்த அடி அடிச்சேல்ல?"

அம்மா சுளைகளைத் தட்டில் வைத்துவிட்டு, பெட்பேனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதன்பிறகு இரண்டு நாள் பேச்சில்லை. சோறு ஊட்டுவாள், துடைத்துவிடுவாள், தலை வாருவாள், வாய் திறக்க மாட்டாள். எனக்கு எழுந்துபோக வழியில்லை, அவளுக்கு என்னை விட்டுப்போக மனசில்லை. ஒரு கட்டில் இடத்துக்குள் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டு கிடந்தோம்.

மூன்றாம் நாள் மத்தியானம் கண் அசந்து விழித்தேன். அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். வலது கையை முன்னால் நீட்டியிருந்தாள். கையில் வெறும் எவர்சில்வர் டம்ளர். என்ன செய்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, குனிந்து, அதைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தாள். மறுபடி எடுத்தாள். மறுபடி நீட்டினாள். மறுபடியும் குனிந்து வைத்தாள்.

"என்னம்மா செய்ற?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். "போட்டுப் பாத்தேன்த்தா. வரமாட்டேங்கு. எம்புட்டு நேரமா நிக்கேன், வெரலு விரியவே மாட்டேங்கு." சொல்லும்போதே குரல் உடைந்தது. "நீ ஒரு வருசம்தான் கம்பெனிக்கு வந்த. எனக்கு இருவத்தஞ்சு வருசம். நான் என்ன செய்ய?"

அந்தக் கையை இழுத்து என் முகத்தில் வைத்துக்கொண்டேன். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத அலுமினியப் பொடி நகக்கண்ணில் மினுங்கியது. அந்த விரல்கள் இருபத்தைந்து வருடம் எதையும் விடாமல் பிடித்திருந்ததால்தான் அவளும் இருக்கிறாள், நானும் இருக்கிறேன். அது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. "தப்பா சொல்லிட்டேம்மா" என்றேன்.

"ஒனக்குக் கால்வெரலு, எனக்குக் கைவெரலு" என்று அம்மா மூக்கைச் சிந்தினாள். "நல்ல குடும்பம் போ." சிரித்தேன். இடுப்பு வலித்தது, ஆனாலும் சிரித்தேன்.

பதினேழாம் நாள் காலையில் டாக்டர் என் விரலை இரண்டு தடவை பார்த்தார். "ரெண்டு" என்றார். பதினெட்டு, பத்தொன்பது, இருபதாம் நாளும் அதே இரண்டு. இருபத்தொன்றாம் நாள் காலையில் ஆபரேஷனுக்காக என்னை வெறும் வயிற்றில் வைத்திருந்தார்கள். அப்பா தாளைக் கிழித்துவிட்டு வேலைக்குப் போகாமல் நின்றார். அம்மா கட்டிலின் கால்மாட்டில், விரலுக்கு நேரே.

"கட்டைவிரலை மேலே தூக்கும்மா."

வயிறு நிறைய மூச்சை இழுத்து அடைத்துக்கொண்டேன். எடையோடு அடியிலிருந்து எழுகிற மாதிரி மொத்த உடம்பையும் அந்த விரலுக்கு அனுப்பினேன். தலையைத் தூக்கிப் பார்க்கக் கூடாது. அம்மா முகத்தைத்தான் பார்த்தேன். அவள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

"மூணு" என்றார் டாக்டர். "இந்தப் பிள்ளைக்குக் காப்பி குடுங்க. ஆபரேஷன் வேண்டாம்."

பட்டையைக் கழற்றும்போது அம்மா கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை. "அய்யா, இவ திரும்ப அந்தக் கம்பியத் தூக்கலாமாங்க?" ஆறு மாதம் எதையும் தொடக் கூடாது, பிறகு தான் சொல்கிற உடற்பயிற்சி, அதற்கும் பிறகு வெறும் கம்பி என்றார் டாக்டர். அம்மா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டாள்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்குப் போனேன். அம்மாவும் கூட வந்தாள். வாசலில் செருப்பை விட்டாள். பிறகு தலையிலிருந்து ஹேர்பின்னையும் உருவி முந்தானையில் முடிந்துகொண்டாள். யாரும் சொல்லவில்லை. செல்வி அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு டயரை இழுத்துச் சரிசெய்தார்.

வெறும் கம்பி, பதினைந்து கிலோ. தோளில் வைத்தேன். மூச்சை அடைத்தேன். முட்டி விரலைப் பார்க்க, குதிகால் தரையில் நிற்க, முதுகு நிமிர்ந்திருக்க, இறங்கினேன். எழுந்திருக்க முடியும், நன்றாகவே முடியும். எழவில்லை. அடியிலேயே நின்றேன். அன்றைக்குப் போனது எழுவதற்கு இல்லை. "போடு மாரி" என்றார் செல்வி அக்கா. அதே சுவர், அதே ஆணி. என் கை அதேபோல இறுக்கியது.

"போடுத்தா!"

அம்மாவின் குரல். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

கையை விட்டேன். கம்பி முதுகைவிட்டுப் போனது. முன்னால் தாவி விழுந்தேன். பின்னால் விழுந்த இரும்பு டயரில் எகிறி, உருண்டு, சுவரில் இடித்து நின்றது. கூரைத் தகரம் அதிர்ந்து அடங்கியது.

திரும்பிப் பார்த்தேன். அம்மா இரண்டு காதையும் பொத்தி, கண்ணை இறுக மூடி, தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணைத் திறந்தாள். கூரையைப் பார்த்தாள். நாலு சுவரையும் பார்த்தாள். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு காதிலிருந்து கையை எடுத்தாள்.

"இன்னொருக்கா போடு" என்றாள்.